கோசாலை மாடு: இலவசம் என்றாலும் கணக்குப் பார்க்க வேண்டும்

கும்பகோணம் வட்டாரத்தில் மாட்டைக் கோயிலுக்கு விடுவது இன்று நேற்று வந்த பழக்கமன்று. காமதேனுவின் மகளாகிய பட்டி பூசித்த தலம் என்று பட்டீசுவரத்தைச் சொல்வார்கள். திருவாவடுதுறையில் அம்பிகையே பசு வடிவில் வந்து வழிபட்டதாகத் தலபுராணம் கூறுகிறது. அதையடுத்த சாத்தனூரில் மூலன் என்ற இடையன் இறந்து கிடக்க, அவன் மேய்த்த பசுக்கள் உடலைச் சுற்றி நின்று கதறின. அதைக் காணப் பொறாத யோகியார் அவன் உடலில் புகுந்து திருமூலரானார் என்பது பெரியபுராணச் செய்தி. இத்தகைய மண்ணில் பசு மடங்களும் கோசாலைகளும் பெருகியிருப்பதில் வியப்பில்லை. ஆடுதுறைக்கு அருகே கோவிந்தபுரத்தில் விட்டல் ருக்மிணி சமஸ்தானம் ஒரு பெரிய கோசாலையை நடத்துகிறது. இதைத் தவிர, கோயில்களைச் சார்ந்த சிறு பசு மடங்களும் உண்டு.

ஒரு பக்கம் கோசாலைகளில் இடம் போதவில்லை. மறுபக்கம், கறவை மாடு வாங்கக் கையில் பணமில்லாத சிறு விவசாயிகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். இரண்டையும் இணைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலரும் எண்ணுகிறார்கள். அறநிலையத் துறைக் கோயில்களுக்குக் காணிக்கையாக வரும் மாடுகளில் மிகுதியானவை மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கும், வசதி குறைந்த பூசாரிகளுக்கும் வழங்கப்பட்டு வந்திருக்கின்றன. எண்ணம் நல்லதுதான். ஆனால் அவ்வாறு வழங்கப்பட்ட மாடுகள் சந்தைக்குப் போய்விட்டன என்ற புகார்களும் கூடவே எழுந்தன. வாங்கியவர்களை மட்டும் குறை சொல்வது எளிது. எந்த மாடு, எந்த வீட்டுக்கு, எந்த நிபந்தனையில் போகிறது என்பதைப் பார்க்காமல் கொடுத்தால் வேறு முடிவை எதிர்பார்க்க முடியாது.

கோசாலைக்கு எந்த மாடு வருகிறது?

சிறு விவசாயி மனத்தில் வைத்திருப்பது இரண்டாம் ஈத்துக் கறவை, வேளைக்கு நான்கைந்து லிட்டர் கறக்கும், சாதுவாக நிற்கும். அப்படிப்பட்ட மாட்டை எவரும் கோசாலையில் விட்டுவிட்டுப் போவதில்லை. அங்கே நிற்பவற்றில் பெரும்பகுதி கலப்பினக் காளைக் கன்றுகள், சினைப்பிடிக்காத பசுக்கள், மடிநோயால் காம்பு அடைபட்டவை, கால் ஊனமுற்றவை, வயது கடந்தவை. கோதானம் என்று கன்றோடு கொடுக்கப்படும் நல்ல பசுக்களும் வருவதுண்டு. அவை எண்ணிக்கையில் குறைவு; கோயில் பூசைக்குப் பால் வேண்டியிருப்பதால் அவை வெளியே வருவதும் அரிது.

காளைக் கன்றுகள் இப்படிக் குவிவதற்குக் காரணம் டெல்டாவின் வயல்களிலேயே இருக்கிறது. சேற்று உழவுக்கென்றே உருவான உம்பளாச்சேரி மாட்டைத் தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டத்து விவசாயிகளுக்கு அறிமுகம் செய்யத் தேவையில்லை. தெற்கத்தி மாடு என்றும், கொம்பு தீய்க்கும் வழக்கத்தால் மொட்டை மாடு என்றும் பெயர் பெற்ற அந்த எருதுகள் முழங்கால் சேற்றிலும் சளைக்காமல் ஏர் இழுத்தவை. டிராக்டர் வந்தது, பின்னர் அறுவடை இயந்திரமும் வந்தது. எருதுக்கு வேலை போயிற்று. அதே காலத்தில் பாலுக்காக ஜெர்சிக் கலப்பு பரவியது. கலப்பினக் கிடேரிக்கு விலை உண்டு. காளைக் கன்றை வாங்க ஆளில்லை. 2012, 2019 ஆகிய இரு கால்நடைக் கணக்கெடுப்புகளுக்கு இடையே நாடு முழுவதும் ஆண் மாடுகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. வீட்டில் வைத்துத் தீனி போட முடியாத கன்று கோயிலுக்குப் போகிறது. பக்தியால் கொடுப்பவர் உண்டு. பாரம் தீர்ந்தால் போதும் என்று கொடுப்பவரும் உண்டு. கன்றைப் பார்த்து யார் எதற்காகக் கொடுத்தார் என்று சொல்ல முடியாது.

வேறொரு வகை மாடுகளும் உண்டு. விதிமீறி ஏற்றிச் செல்லும்போது போலீசார் பிடித்துக் கோசாலையில் ஒப்படைத்தவை அவை. வழக்கு முடியும் வரை அவை நீதிமன்றப் பொறுப்பில் உள்ள வழக்குச் சொத்து. 2017ஆம் ஆண்டு வந்த மத்திய அரசு விதிகள் இவற்றின் பராமரிப்பு பற்றிப் பேசுகின்றன. கோசாலை நிர்வாகி மனமுவந்து கொடுத்தாலும் அந்த மாட்டை வாங்கி வரக் கூடாது. வழக்கு முடிந்ததற்கான உத்தரவு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது அவசியம்.

சோதிக்காமல் கயிற்றைப் பிடிக்கக் கூடாது

சந்தையில் துண்டைப் போட்டு விரல் பிடித்து விலை பேசும் விவசாயி பல்லைப் பார்ப்பார், சுழியைப் பார்ப்பார், மடியைத் தடவிப் பார்ப்பார், கறந்தும் பார்ப்பார். அதே விவசாயி, தானமாக வருகிறது என்றவுடன் ஒன்றையும் பார்ப்பதில்லை. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்ற பழமொழி மரியாதைக்குச் சரி. மாட்டுக் கொட்டகைக்குச் சரிப்படாது. அதிலும், மேடை போட்டு மாலை அணிவித்துப் புகைப்படத்தோடு வழங்கும் விழாக்களில் பல் பார்க்க நேரமேது?

முதலில் பார்க்க வேண்டியது கருச்சிதைவு நோய். புருசெல்லோசிஸ் எனப்படும் இந்நோய் கண்ட பசு, ஐந்தாம் மாதத்திற்குப் பிறகு கன்றை வீசும். பார்வைக்கு நன்றாகவே இருக்கும். பல இடங்களிலிருந்து வந்த மாடுகள் ஒரே கொட்டகையில் நெருக்கமாக நிற்கும்போது, ஒன்று வீசிய கன்றின் நஞ்சுக்கொடியும் நீரும் மற்றவற்றுக்கு நோயைத் தந்துவிடும். மனிதருக்கும் இது தொற்றும். விட்டுவிட்டு வரும் காய்ச்சல், மூட்டு வலி, தளர்ச்சி என்று மாதக்கணக்கில் படுத்திவிடும். கொட்டகையில் பெரும்பாலும் பெண்களே வேலை செய்கிறார்கள். நஞ்சுக்கொடியை வெறுங்கையால் எடுத்துப் போடுவதும் அவர்களே. ஆகவே இந்தச் சோதனை மாட்டைக் காப்பதைவிட வீட்டுப் பெண்களைக் காப்பதற்கே முக்கியமாக வேண்டும். ஒரு சிறிய இரத்த மாதிரி போதும். கால்நடை மருத்துவமனை வழியாக மாவட்டக் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவுக்கு அனுப்பிச் சோதித்துக்கொள்ளலாம். காசநோய்க்குத் தோலில் ஊசி போட்டு 72 மணி நேரம் கழித்துப் பார்ப்பார்கள். இவ்விரு சோதனைகளின் முடிவும் கையில் வரும் முன் மாட்டை ஓட்டி வருவது நல்லதன்று. முடிவு தெரியும் வரையில் பச்சைப் பாலைக் காய்ச்சாமல் குடிக்கவே கூடாது.

சினைப்பிடிக்காத கிடேரிகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சிறு விவசாயிக்கு உண்மையில் ஆதாயம் தரக்கூடிய மாடு கோசாலையில் இருக்குமானால், அது இந்தக் கூட்டத்தில்தான் இருக்கும். நெருக்கமான கொட்டகை, வைக்கோல் மட்டுமே தீனி, தாது உப்பு இல்லாமை, குடற்புழு ஆகியவற்றால் பருவத்துக்கு வராமல் நிற்கும் கிடேரிகள் பல. குடற்புழு நீக்கி, பசுந்தீவனமும் நாளொன்றுக்கு 30 முதல் 50 கிராம் தாது உப்புக் கலவையும் கொடுத்தால், சில மாதங்களில் பருவத்துக்கு வந்துவிடும். ஆனால் எல்லாக் கிடேரிகளும் அப்படி அல்ல. கருப்பை வளர்ச்சியே இல்லாதவை உண்டு. இரட்டைக் கன்றில் காளைக் கன்றோடு சேர்ந்து பிறந்த கிடேரி, பத்தில் ஒன்பது மலடாகவே இருக்கும். அதற்கு எந்தத் தீனியும் மருந்தும் பயன்படாது. ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறிய கால்நடை மருத்துவர் ஆசனவாய் வழியாகக் கையை விட்டுச் சோதித்துப் பார்க்க வேண்டும். சில நிமிட வேலைதான். இதைச் செய்யாமல் ஒரு கிடேரியை ஏற்றுக்கொள்வது, முளைப்புத் திறன் தெரியாத விதை நெல்லை நாற்றங்காலில் விடுவது போன்றது.

கறவை என்று சொல்லிக் கொடுத்தால், நான்கு காம்பிலும் பால் சீராக வருகிறதா, மடியில் கட்டி இருக்கிறதா, பால் திரிகிறதா என்று தொடர்ந்து இரண்டு வேளை கறந்து பார்க்க வேண்டும். மதிய வேளையில் போய்ப் பார்த்துவிட்டு வருவதில் பயனில்லை.

வந்த மாட்டை முதல் 30 நாட்களுக்கு வீட்டு மாடுகளிடமிருந்தும் ஆடுகளிடமிருந்தும் விலக்கித் தனியே கட்ட வேண்டும். தண்ணீர்த் தொட்டியும் தனியாக வேண்டும். கோமாரி, தோல் கழலை நோய் போன்றவற்றுக்குத் தடுப்பூசி போட்ட தேதியைக் கேட்டுக் குறித்துக்கொள்வது நலம். தேதி சொல்ல முடியாவிட்டால், போடவில்லை என்றே கொண்டு மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

பொங்கல் தின்ற வயிறு

கோயில் மாட்டின் வயிறு வேறு விதமாகப் பழகியிருக்கும். அமாவாசைக்கு அகத்திக்கீரைக் கட்டு, வெள்ளிக்கிழமை வாழைப்பழம், விசேஷ நாளில் சர்க்கரைப் பொங்கல், சோறு என்று பக்தர்கள் கொடுப்பதையெல்லாம் அது தின்றிருக்கும். சோறும் பொங்கலும் அளவுக்கு மீறிப் போனால் மாட்டின் முதல் வயிற்றில் அமிலம் பெருகிவிடும். மாடு தீனி எடுக்காது, அசை போடாது, கழிச்சல் கண்டு படுத்துவிடும். சில மாடுகள் அதிலேயே இறந்துவிடுவதும் உண்டு. புண்ணியம் தேடிப் போடும் ஒரு குண்டான் பொங்கல் மாட்டைக் கொன்றுவிடும் என்று கோயில் வாசலில் எழுதி வைத்தாலும் தகும். அத்தகைய மாட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து மறுநாளே வெறும் வைக்கோலில் கட்டினால் மெலிந்துபோகும்; மறுநாளே நிறையத் தவிடும் பிண்ணாக்கும் வைத்தால் வயிறு கெடும். பத்துப் பதினைந்து நாட்களில் படிப்படியாகத் தீனியை மாற்ற வேண்டும்.

இனித் தீனிக் கணக்கு. 300 கிலோ எடையுள்ள பசு, உடல் எடையில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு என்ற கணக்கில் நாளொன்றுக்கு ஏழரைக் கிலோ உலர்தீனி எடுக்கும். ஆண்டுக்கு இது 2,700 கிலோவைத் தாண்டும். மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர் நிலத்தில் ஒரு போகத்துக்குச் சுமார் இரண்டு டன் வைக்கோல் கிடைக்கலாம். இயந்திரத்தால் அறுத்தால் தாளில் ஒரு பகுதி வயலிலேயே நின்றுவிடும். குறுவை வைக்கோல் ஐப்பசி மழையில் நனைந்து பூஞ்சாணம் பிடித்தால் அதுவும் கணக்கில் சேராது. ஆக, ஒரு போகம் மட்டும் சாகுபடி செய்யும் மூன்று மா விவசாயியின் வைக்கோல் முழுவதும் ஒரு வறட்டு மாட்டுக்கே போதாது. அந்த மாடு பால் தராது, விற்கவும் முடியாது. இலவச மாடு என்பதன் உண்மையான விலை இதுதான்.

வைக்கோலில் புரதம் மிகக் குறைவு. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் முழுவதும் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் 21 நாட்கள் மூடி வைத்துக் கொடுத்தால் சத்தும் செரிமானமும் கூடும். கன்றுகளுக்கு இதைக் கொடுக்கக் கூடாது. பத்து சென்டில் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் நட்டு நன்றாகப் பராமரித்தால் ஒரு மாட்டுக்குத் தாராளமாகப் பசுந்தீவனம் கிடைக்கும். வரப்பில் அகத்தியும் வேலிமசாலும் வைக்கலாம். இது சொந்த நிலமுள்ளவர்களுக்கு. குத்தகை விவசாயி பல ஆண்டு நிற்கும் புல்லை நடுவதற்கு நிலச் சொந்தக்காரர் பெரும்பாலும் சம்மதிப்பதில்லை. அவர் வாய்க்கால் கரைப் புல்லையே நம்ப வேண்டியிருக்கிறது. வாய்க்கால் கரையிலோ நத்தை. நத்தை வழியாகத் தட்டைப்புழு. தாடை வீங்கி, கழிச்சல் கண்டு, மாடு எலும்பும் தோலுமாகிவிடும். தண்ணீர் மட்டத்துக்கு ஒரு சாண் மேலே அறுத்து, வெயிலில் உலர்த்திப் போடுவது ஓரளவு பாதுகாப்பு. மழைக்கு முன்னும் பின்னும் மருத்துவர் யோசனைப்படி தட்டைப்புழுவுக்கான மருந்து கொடுக்க வேண்டும். உருண்டைப் புழுவுக்கான மருந்து இதற்கு உதவாது.

மாட்டைக் கொண்டுவரும் காலமும் முக்கியம். தை, மாசியில் சம்பா அறுவடையாகிப் புது வைக்கோல் போர் ஏறிய பிறகு கொண்டுவந்தால், மழைக்கு முன் மாடு புது இடத்துக்குப் பழகிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் ஓட்டி வந்தால் ஈரத் தரை, குளம்பு நோவு, தீனித் தட்டுப்பாடு எல்லாம் ஒன்றாக வந்து சேரும். உளுந்தும் பயறும் நிற்கும் வயல்களில் மேய்ச்சலுக்கு விட முடியாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

காகிதத்தில் என்ன இருக்கிறது?

மாட்டை விற்கக் கூடாது, அடிமாட்டுக்குக் கொடுக்கக் கூடாது, இறந்தால் தெரிவிக்க வேண்டும், எப்போது வந்தாலும் மாட்டைக் காட்ட வேண்டும் என்று கோசாலைகள் எழுதி வாங்குவது வழக்கம். இவற்றில் தவறில்லை. தமிழ்நாட்டில் 1958ஆம் ஆண்டின் கால்நடைப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 1976இல் பசு வதைக்குத் தடை விதித்த அரசாணையும் வந்தது. கோசாலைக்காரர்கள் தரகர்களுக்கு அஞ்சுவதிலும் நியாயம் உண்டு. விவசாயி பெயரில் வாங்கி, மறு வாரமே வண்டியேற்றும் ஆட்கள் இல்லாமல் இல்லை.

ஆனால் இந்த நிபந்தனைகள் எல்லாம் ஒரே பக்கத்துக்குச் சாதகமாக இருக்கின்றன. மாடு நோய்வாய்ப்பட்டு, அல்லது குடும்பத் தலைவர் படுத்துவிட்டு, பராமரிக்க முடியாமற் போனால் என்ன செய்வது? விற்கவும் கூடாது, கோசாலையோ இடமில்லை என்று கைவிரிக்கும். பிறகு அந்த மாடு இரவில் கயிற்றை அவிழ்த்துக் கும்பகோணம் கடைத்தெருவுக்கு விரட்டப்படும். இல்லையென்றால் தரகர் கைக்குப் போகும். ஆகவே, திருப்பிக் கொண்டுவந்தால் குறித்த நாட்களுக்குள் கோசாலை ஏற்றுக்கொள்ளும் என்ற ஒரு வரி ஒப்பந்தத்தில் இல்லையென்றால், விவசாயி கையெழுத்திட வேண்டாம். முதல் இரண்டு மாதங்களைச் சோதனைக் காலமாக வைப்பது இன்னும் நல்லது. மேல்நாடுகளில் காப்பகத்து நாயையோ பூனையையோ எடுத்துப் போக விரும்புவோரின் வீட்டை நேரில் வந்து பார்த்து, வேலி உண்டா, பகலில் ஆள் உண்டா என்றெல்லாம் கேட்கும் காப்பகங்கள் உண்டு. ஒத்துவராவிட்டால் திரும்பப் பெற்றுக்கொள்வதும் உண்டு. ஒரு நாய்க்கு இத்தனை விசாரணையா என்று இங்கே சிரிக்கலாம். மாட்டுக்கு அதில் பாதியாவது வேண்டாமா? கொட்டகை இருக்கிறதா, வைக்கோல் எவ்வளவு, பகலில் பார்ப்பது யார் என்று கோசாலைக்காரர் கேட்டால் விவசாயி கோபப்படக் கூடாது. கேட்காமல் கொடுப்பவரிடம்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

மாட்டின் காதில் உள்ள 12 இலக்க எண் கொண்ட மஞ்சள் வில்லையை, கால்நடை மருந்தகத்தில் புதிய உரிமையாளர் பெயருக்கு மாற்றிப் பதிந்துகொள்ள வேண்டும். இல்லையென்றால் காப்பீடு செய்வதிலும், மாடு இறந்தால் தொகை பெறுவதிலும் சிக்கல் வரும். விற்பனை உரிமை இல்லாத மாட்டைக் காப்பீட்டுக்காரர் ஏற்பாரா என்பதை முன்னதாகவே கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது. வண்டியில் ஏற்றினால் மருத்துவரின் தகுதிச் சான்றும், கோசாலை கொடுத்த கடிதமும் கையில் இருக்க வேண்டும். 1978ஆம் ஆண்டின் கால்நடைப் போக்குவரத்து விதிகள் ஒற்றை மாட்டுக்கும் பொருந்தும். பத்துக் கிலோமீட்டருக்குள் என்றால் விடியற்காலையில் நடத்தியே ஓட்டி வந்துவிடலாம்.

சாணம் போதும் என்றால்?

யார் கோசாலை மாட்டை எடுக்கலாம்? ஏற்கெனவே இரண்டு மாடு வைத்துப் பழகிய குடும்பம், இரு போக வைக்கோலும் சிறிதளவு பசுந்தீவன நிலமும் இருந்தால், சோதித்துத் தேர்ந்த ஒரு கிடேரியை எடுக்கலாம். வண்டியும் பரம்பும் ஓட்டத் தெரிந்த இரண்டு குடும்பங்கள் சேர்ந்து, உம்பளாச்சேரி ஜாதிக் காளைக் கன்றுகள் கிடைத்தால் ஒரு ஜோடி வளர்க்கலாம். டிராக்டர் திரும்ப இடமில்லாத சிறு வயல்களுக்கு அவை இன்றும் பயன்படும். ஆனால் வேலைக்கு வரும் வரை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சும்மா தீனி போட வேண்டும். கலப்பினக் காளைக் கன்றை ஒரு ஏக்கர் விவசாயி எடுக்கவே வேண்டாம். அந்தக் கன்று பிறப்பதையே குறைப்பதுதான் வழி. பாலினம் பிரித்த உறைவிந்தைக் கொண்டு கருவூட்டினால் பத்தில் ஒன்பது கிடேரியாகவே பிறக்கும். கோயிலுக்குக் கன்று விடுவதை நிறுத்தச் சொல்லிப் பிரசாரம் செய்வதைவிட இது விரைவாகப் பலன் தரும்.

மாடில்லாத மற்ற பெரும்பாலான சிறு விவசாயிகளுக்குக் கோசாலையிலிருந்து வேண்டியது மாடன்று, சாணம். வளர்ந்த மாடு நாளொன்றுக்குப் பத்துக் கிலோவுக்குக் குறையாமல் சாணம் போடும். நூறு மாடு நிற்கும் இடத்தில் நாளுக்கு ஒரு டன். அதை அப்புறப்படுத்துவதே கோசாலைகளுக்குப் பெரிய பாடாக இருக்கிறது. அவர்களுக்குத் தட்டுப்பாடு வைக்கோல்; விவசாயிக்குத் தட்டுப்பாடு தொழு உரம். ஆளில்லாமல் வயலிலேயே தீ வைக்கும் வைக்கோலைக் கட்டாக்கிக் கோசாலைக்கு ஏற்றி, அதே வண்டியில் மக்கிய எருவை ஏற்றி வருவதற்கு எந்த ஒப்பந்தச் சிக்கலும் இல்லை. ஒரு ஊரில் பத்துப் பேர் சேர்ந்தால் வண்டி வாடகையும் கட்டுபடியாகும். சம்பா அறுத்தவுடன் வைக்கோலை அனுப்பிவிட்டு, பங்குனி சித்திரையில் எருவை எடுக்கலாம். பச்சைச் சாணமாக எடுக்காமல், குறைந்தது மூன்று மாதம் குழியில் மக்கியதாகப் பார்த்து எடுக்க வேண்டும். இல்லையென்றால் களை விதையும் கூடவே வயலுக்கு வந்துவிடும். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12ஆம் தேதிக்கு முன் எரு வயலில் சேர்ந்திருந்தால் குறுவை உழவுக்குச் சரியாக இருக்கும்.